வெட்டி எடுத்த நாற்பது விநாடி

கட்கி, பூனா
14 ஜூலை 2004

திரு. சந்திரமௌலி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் செல்வமேரி. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ரிடையர் ஆனவள். கட்கி பஜாருக்குப் பின்னால் குடியிருக்கிறேன். ஒரு சிடியோடு வந்த காகிதத்தில் உங்கள் முகவரி இருந்தது.

என் மகள் ஜெனிபர் ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பையனுக்குப் பழைய ஜாஸ் என்றால் பைத்தியமாம். நீங்களும் உங்கள் குழுவும் அந்தக் காலத்து ரேடியோ கச்சேரிகளை இன்டர்நெட்டில் போடுகிறீர்கள், அவன் இறக்கிக் கேட்கிறான். அதில் ஒன்றை சிடியில் போட்டு, காகிதத்தையும் அச்செடுத்து, "உங்க அப்பா காலத்து பூனா மியூசிக்" என்று இவளிடம் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜெனிபர் அதைப் போட்டாள். நாலாவது பாட்டில் கத்தியோடு எழுந்து நின்றுவிட்டேன்.

காகிதத்தில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: பம்பாய் வானொலி, 9 மார்ச் 1969, ஞாயிறு பிற்பகல். ஈவினிங் ஸ்டார் செக்ஸ்டெட் (ஆறு பேர் குழு). ட்ரம்பெட்: டெஸ்மண்ட் பிண்டோ.

ஐயா, அது பிண்டோ இல்லை. என் வீட்டுக்காரர் கிறிஸ்டோபர். பிண்டோவுக்கு அன்று உதட்டில் கட்டி. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பூனா கேம்ப் பகுதியில் தன் வீட்டில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக அந்தக் குழுவினர் இவரைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் இங்கே டிஃபென்ஸ் ஃபேக்டரியில் மெஷின் ஷாப்பில் வேலை செய்தவர். சர்க்கார் வேலையில் இருப்பவர் ரேடியோவில் வாசிக்க வேண்டுமானால் மேலிடத்து அனுமதி வேண்டும். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அதனால் பிண்டோ பெயரிலேயே போய் வாசித்துவிட்டு வந்தார். 2001இல் இறந்துபோனார்.

அந்த ஒரு வரியை மாற்றுங்கள். வேறு எதுவும் வேண்டாம். ஏன் ஃபோன் செய்யவில்லை என்றால், கோபம் வந்தால் ஃபோனில் எனக்கு இந்தியும் மராத்தியும் சேர்ந்து கொட்டும். எழுதினால் கொஞ்சம் மரியாதையாக வரும்.

இப்படிக்கு,
செல்வமேரி கிறிஸ்டோபர்


வானவடி, பூனா
20 ஜூலை 2004

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

நமஸ்காரம். இருபது வருஷத்துக்குப் பிறகு தமிழில் முழுசாக ஒரு கடிதம் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1961 முதல் ரேடியோவில் வரும் ஜாஸைப் பதிவு செய்து வருகிறேன். ஊருக்குத் திரும்பிய ஒரு கேப்டனிடம் வாங்கிய பழைய டேப் ரிக்கார்டர், ரேடியோவுக்கு எதிரே நாற்காலியில் ஒரு மைக், இவ்வளவுதான் ஏற்பாடு. இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்பூல்கள் சேர்ந்துவிட்டன. பீரோவில் புடவைக்கு இடமில்லை என்பது என் மனைவி ரமாவின் நிரந்தரப் புகார். இப்போது ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புகிறேன். ஒரு கச்சேரி போய்ச் சேர ஒன்பது மணி நேரம் ஆகிறது. அதுவரை டெலிஃபோன் எங்கேஜ்டு. அது இன்னொரு புகார்.

எங்கள் குழுவில் போலந்து முதல் ஜப்பான் வரை நூற்று நாற்பது பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. எங்களைக் கட்டி வைத்திருப்பது ஒழுங்கு ஒன்றுதான். காசுக்கு விற்கக்கூடாது. பதிவில் கை வைக்கக்கூடாது. தும்மல் விழுந்திருந்தால் தும்மலோடு போட வேண்டும். வாசித்தவர் பெயர் அறிவிப்பாளர் சொன்னபடியே இருக்க வேண்டும். அன்று அறிவிப்பாளர் பிண்டோ என்றுதான் சொன்னார். நீங்கள் முதல் ஆள் இல்லை, அம்மா. நாக்பூரில் ஒருவர் எந்த சாக்ஸஃபோனைக் கேட்டாலும் தன் சித்தப்பா என்று எழுதுகிறார்.

தவிர, அந்த நாலாவது பாட்டு எங்கள் குழுவில் பிரசித்தம். ஒசாகாவில் இருக்கும் ஓர் அன்பர், அதில் வரும் ட்ரம்பெட் சோலோவின் முடிவைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அது கடல் பறவையின் அழுகை, பிண்டோவின் உச்சம் என்பது அவர் கட்சி. டிசம்பரில் எல்லாப் பதிவுகளையும் சேர்த்து வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கப்போகிறோம். அதற்குப் பின் ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. உங்களிடம் ஆதாரம் ஏதேனும் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.

தங்கள்,
சி. சந்திரமௌலி


கட்கி
25 ஜூலை 2004

சந்திரமௌலி சார்,

நாக்பூர் ஆளோடு என்னைச் சேர்த்ததற்கு ரொம்ப நன்றி.

ஆதாரம் கேட்டீர்கள். பெயரை மறைத்துப் போன மனுஷன் ஆதாரம் வைத்துக்கொண்டா போவார்? என்னிடம் இருப்பது ஒரு மெடிக்கல் சர்டிபிகேட்டின் நகல். சனிக்கிழமை, எட்டாம் தேதி, வயிற்றுவலி. டாக்டரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்ததே நான்தான். சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பியதும் நான்தான். அந்தக் கச்சேரியை நான் கேட்கவில்லை. அன்று எனக்கு வார்டில் டூட்டி. முப்பத்தைந்து வருஷம் கழித்து மீன் கத்தியோடுதான் முதல் தடவை கேட்டேன்.

இனி உங்கள் கடல் பறவைக்கு வருகிறேன். அது பறவையும் இல்லை, அழுகையும் இல்லை. எங்கள் ஃபேக்டரி சங்கு.

ஒரு நாள் பகலில் குவார்ட்டர்ஸ் பின்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். விளையாட்டாக ஷிஃப்ட் சங்கு மாதிரி ஊதினார். ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இரானி ஓட்டலில் சாயா குடித்துக்கொண்டிருந்த ஆறு பேர் கப்பை வைத்துவிட்டு ஓடினார்கள். கேட்டில் போய் நின்றுதான் மணி பார்த்தார்கள். பத்து நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதிலிருந்து எந்தப் பாட்டு வாசித்தாலும் கடைசியில் அந்தச் சங்கை வைத்துத்தான் முடிப்பார்.

நன்றாகக் கேளுங்கள். தேய்த்துக்கொண்டு மேலே ஏறும், ஏறி நிற்கும், பிறகு இறங்கும். இறங்கும்போது நடுவில் ஒரு விக்கல் வரும். எங்கள் சங்கில் ஏதோ ஒரு வால்வு பழுது. கடைசி வரைக்கும் யாரும் ரிப்பேர் செய்யவில்லை. அந்த விக்கலை அவர் அப்படியே எடுத்து வைத்திருந்தார். கேம்ப்பில் இருந்த பிண்டோவுக்கு அந்த விக்கல் எப்படித் தெரியும்?

இன்னொன்று. பதிவில் கை வைக்கக்கூடாது என்று எழுதுகிறீர்கள். உங்கள் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில், நாலாவது பாட்டுக்குப் பின் நாற்பது விநாடி ஒலிப் பழுது, நீக்கப்பட்டது என்று இருக்கிறது. தும்மலையே வெட்டாத குழுவில் இதை மட்டும் ஏன் வெட்டினீர்கள்?

செல்வமேரி


வானவடி
2 ஆகஸ்ட் 2004

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சங்கு என்பது எல்லா ஆலை ஊர்களிலும் உண்டு. பிம்ப்ரியில் உண்டு, பம்பாயில் நூறு உண்டு. ஆனாலும் அந்த விக்கலைப் பற்றி எழுதியதை நான் மறுக்கவில்லை. அது இருக்கிறது.

நாற்பது விநாடி விஷயம் என் இயந்திரத்தின் குறை. அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதற்குப் பிறகு அவர் வாசித்தாரா? அந்த ஒலிபரப்பால் அவருக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா?

ரமாவும் உங்கள் கடிதத்தைப் படித்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. காபி மட்டும் மேஜைக்கு வருகிறது.

சந்திரமௌலி


கட்கி
8 ஆகஸ்ட் 2004

சார்,

கேட்டீர்களே, சொல்கிறேன். ஜெனிபரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஞாயிறு இரவு வண்டியில் திரும்பி வந்தார். திங்கட்கிழமை ஒழுங்காக வேலைக்குப் போனார். வியாழக்கிழமை மெமோ வந்தது. உடம்பு சரியில்லை என்று லீவ் போட்டுவிட்டு, அனுமதி இல்லாமல், வேறொருவர் பெயரில் ரேடியோவில் வாசித்ததாகத் தெரிய வருகிறது, விளக்கம் கொடு என்று. எப்படித் தெரிந்தது என்று எங்களுக்குப் புரியவே இல்லை. பெயர் இல்லை, போட்டோ இல்லை. ஃபேக்டரிக்குள் இருந்த யாரோதான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யார் என்று அவர் ரொம்ப நாள் யோசித்தார். எனக்குச் சந்தேகம் எதிர் வீட்டுக்காரர் மேல். அந்த வீட்டோடு பதினொரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். கூப்பிட்டு உட்கார வைத்து, "எனக்கு ட்ரம்பெட் வாசிக்கவே தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துடு கிறிஸ்டோபர், ஃபைலை மூடிடறேன்" என்றாராம். அது பொய் என்று அவருக்கும் தெரியும், பாதி ஃபேக்டரிக்கும் தெரியும். கல்யாணமாகி ஒரு வருஷம், நான் மாசமாக இருந்தேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஃபைல் மூடிவிட்டது.

ட்ரம்பெட் வாசிக்கத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர் மறுபடி எப்படி வாசிப்பார்? யாராவது பார்த்தால் ஃபைல் திறக்கும். பழைய போர்வையில் சுற்றி ஸ்டீல் பீரோ மேல் வைத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கி வால்வுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். வாயில் வைக்க மாட்டார். அந்த மார்ச்சில் வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. ஜெனிபர் எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். அப்பா வாசித்து அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 94இல் ரிடையர் ஆனதும், இனி யார் கேட்கப்போகிறார்கள், எடுத்து வாசியுங்கள் என்று சொன்னேன். "உதடு போச்சு மேரி" என்று சிரித்தார். அவ்வளவுதான்.

வாசிக்கத் தெரியாது என்று அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் இன்னும் கிடக்கும். அதற்கு எதிராக எங்காவது ஒரு காகிதத்தில் அவர் வாசித்தார் என்று இருக்க வேண்டும். நான் போவதற்குள் இருக்க வேண்டும். இப்போதாவது புரிகிறதா?

செல்வமேரி


வானவடி
30 ஆகஸ்ட் 2004

அம்மா,

மூன்று வாரமாக இதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ரமா, "இன்னும் எத்தனை காகிதம் வேணும்? வாங்கிண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். பேச ஆரம்பித்ததே அதற்குத்தான்.

எதிர் வீட்டுக்காரர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

1967 முதல் நாலு வருஷம் உங்கள் ஃபேக்டரிக்குள் இருந்த கணக்குப் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். இதை உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனால் குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்து ட்ரம்பெட் கேட்கும். யார் என்று விசாரித்தேன், மெஷின் ஷாப் கிறிஸ்டோபர் என்றார்கள். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று கேட்டுவிட்டு வருவேன். ஆறு பேர் கப்பை வைத்துவிட்டு ஓடினார்களே, அன்றைக்கு நானும் நிஜச் சங்கு என்று நம்பிப் பேனாவை மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் நாலாவது பாட்டின் முடிவில் சங்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் எட்டுப் பேர் எதிரே சொன்னேன்: ரேடியோக்காரனே பிண்டோ என்றான், ஆனால் அது நம் கிறிஸ்டோபர், இந்த ஊரில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய காது என் காது ஒன்றுதான். சத்தியமாக அவரைப் புகழ்ந்துதான் பேசினேன். என்னையும் சேர்த்துப் புகழ்ந்துகொண்டேன். எட்டுப் பேரில் யார் மேலே கொண்டுபோனார்கள் என்று எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் அந்த ஃபைல் பதிவுக்காக என் மேஜைக்கே வந்தது. ட்ரம்பெட் வாசிக்கத் தெரியாது என்ற வரியைப் படித்தேன். நான் சொன்னது தப்பு, அது பிண்டோதான் என்று மேலே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காகிதத்தை அவர் திரும்ப வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பர் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளினேன். அதன்பின் குவார்ட்டர்ஸ் பக்கம் ட்ரம்பெட் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது அந்த நாற்பது விநாடி. ஒலிப் பழுது ஒன்றும் இல்லை. மைக் ரேடியோவுக்கு எதிரே இருந்ததால் அறையில் நான் போட்ட கூச்சலும் பதிவாகிவிட்டது. அதைக் குழுவுக்கு அனுப்பினால் பிண்டோ இல்லை என்று எனக்கு அன்றே தெரியும் என்பது வெளியே வரும். மற்றதும் பின்னாலேயே வரும். அதனால் வெட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்பூலில் நான் வெட்டியது இந்த ஒரு இடம்தான்.

வெட்டாத பதிவை சிடியில் வைத்து அனுப்புகிறேன். குழுவுக்கும் நேற்று அனுப்பிவிட்டேன், நடந்தது அத்தனையும் எழுதி. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ட்ரம்பெட்: எஸ். கிறிஸ்டோபர், கட்கி. டெஸ்மண்ட் பிண்டோ என்று அறிவிக்கப்பட்டது. இந்த ஒலிபரப்புக்குப் பின் கிறிஸ்டோபர் வாசிக்கவில்லை. அதற்குக் காரணம் இதைப் பதிவு செய்தவர்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை.

சந்திரமௌலி


கட்கி
6 செப்டம்பர் 2004

கடிதமும் சிடியும் வந்தன. சிடியைப் போடவில்லை. பதினொரு வருஷம் நான் பேசாமல் இருந்த எதிர் வீட்டுக்காரர் போன வருஷம் செத்துப்போனார். இனி எனக்கு எழுத வேண்டாம்.

செல்வமேரி


கட்கி
17 அக்டோபர் 2004

சந்திரமௌலி சார்,

எழுத வேண்டாம் என்று சொன்னது நான். இப்போது எழுதுவதும் நான்தான்.

ஆறு வாரம் அந்த சிடி பீரோ மேல் ட்ரம்பெட் பக்கத்தில் கிடந்தது. நேற்று ஜெனிபருக்கு லீவ். என்னைக் கேட்காமலேயே எடுத்துப் போட்டுவிட்டாள். எழுந்து போய் நிறுத்தலாம் என்று நினைத்தேன். அதற்குள் நாலாவது பாட்டு வந்துவிட்டது.

சங்கு இறங்குகிறது, விக்குகிறது, முடிகிறது. உடனே உங்கள் குரல். "ரமா, இங்க ஓடி வாயேன்! இது பிண்டோவே இல்லை, நம்ம ஃபேக்டரி சங்கு! மெஷின் ஷாப் கிறிஸ்டோபர்! என்னமா வாசிக்கறான்!" உங்கள் வீட்டம்மா எங்கேயோ உள்ளே இருந்து, "பால் பொங்கறது, வரேன்" என்கிறார். நீங்கள் விடாமல் மறுபடி, "என்னமா வாசிக்கறான், ரமா!"

ஜெனிபருக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். "மா, யார் இது? அப்பாவுக்கு இவ்ளோ பெரிய ஃபேனா?" என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். உங்கள் பங்கைச் சொன்னேன். பிறகு என் பங்கையும் சொன்னேன்.

உங்களிடமும் ஒன்றை மறைத்தேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்து மட்டும்தான் அவருடையது. எழுதியது நான். அவர் எழுத மாட்டேன் என்றார். மூன்று நாள் சாப்பிடவில்லை. சம்பளம் நின்றால் பிள்ளைக்கு என்ன வழி என்று நான்தான் சண்டை போட்டேன். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று உட்கார்ந்து எழுதி, அவர் முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். அடுத்த வாரமே பிள்ளையும் போய்விட்டது. அவர் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. எதிர் வீட்டோடு நான் சண்டை பிடித்தது, யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும் என்பதற்காகத்தான்.

உங்களை மன்னித்தேனா என்றால் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்னித்துவிட்டதாக நினைக்கிறேன், திங்கட்கிழமை மறுபடி கோபம் வருகிறது. அது என் பாடு.

இப்போது திருத்தங்கள். டிசம்பருக்கு முன்னால் செய்துவிடுங்கள். அவர் வாசிக்காததற்குக் காரணம் பதிவு செய்தவர் என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயரோடு என் பெயரையும் போடுங்கள். பாதிக்குப் பாதி.

இரண்டாவது. ஜப்பான்காரருக்கு எழுதி, அது பறவை இல்லை, வால்வு பழுதான ஃபேக்டரி சங்கு என்று சொல்லுங்கள். அவர் நாலு பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். குழுவில் யாராவது அந்தக் கூச்சல் பாட்டைக் கெடுக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொல்லலாம். எடுக்க விடாதீர்கள். பம்பாயிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது கேட்டிருப்பாங்களா மேரி?" என்பதுதான். எனக்கு டூட்டி, நான் கேட்கவில்லை. பக்கத்து வீடுகளில் அன்று ரேடியோவில் கிரிக்கெட். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலை முடிந்து வந்து, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பார். வியாழக்கிழமை மெமோ வந்தது. அவர் கேட்டதற்கு ஊரிலிருந்து வந்த பதில் அது ஒன்றுதான் என்று முப்பத்திரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்து செத்துப்போனார்.

ஒருத்தர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வீடு அதிரக் கத்தியிருக்கிறார். அந்த நாற்பது விநாடியை வெட்டாதீர்கள்.

ரமா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

செல்வமேரி